உத்தியாமா மூடிவைத்த கணக்கு

1954 இலையுதிர் காலம். ஜப்பானிலிருந்து இயற்பியலாளர் ரியோயு உத்தியாமா அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். மின்காந்தம், ஈர்ப்பு எல்லாவற்றையும் ஒரே விதியிலிருந்து வருவிக்கும் கணக்கை ஊரிலேயே போட்டுவிட்டார், அச்சுக்குத்தான் அனுப்பவில்லை. வந்த இடத்தில் அதிர்ச்சி. யாங், மில்ஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் முந்திவிட்டார்கள்! மனம் விட்டுப்போய்க் கணக்கை மூடிவைத்தார்.

அந்த விதியின் பெயர் 'கேஜ்'. உடனே ரயில் பாதை நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு மூலமாகக் கணிதர் ஹெர்மன் வைல் கையாண்ட ஜெர்மன் சொல், எடைக்கல்லையும் படியையும் சரிபார்த்து முத்திரை போடுகிறார்களே, அந்த வேலையைக் குறிப்பது. இடத்துக்கு இடம் படியின் அளவு மாறினாலும் இயற்கை விதி மாறக் கூடாது என்று 1918-ல் சொன்னார் வைல். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட ஒரு புலம் வேண்டும். அதுதான் மின்காந்தப் புலம் என்பது அவர் வாதம்.

ஐன்ஸ்டைன் வியந்தார். கையோடு மறுத்தும் விட்டார். வைல் சொல்வது சரியென்றால், வெவ்வேறு வழியில் பயணம் செய்து வந்த இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெவ்வேறு நிறத்தில் ஒளிர வேண்டும். நிறமாலைக் கோடுகளோ கூர்மையாக, ஒரே இடத்தில் நிற்கின்றன. இந்த மறுப்பு வைலின் கட்டுரையோடு சேர்ந்தே அச்சானது. குழந்தை பிறந்த அன்றே ஜாதகத்தில் தோஷம் எழுதியது மாதிரி! குவாண்டம் இயற்பியல் வந்த பிறகு, 1929-ல், வைல் அதே யோசனையை நீள அளவிலிருந்து எடுத்து எலக்ட்ரான் அலையின் கட்டத்தில் (phase) பொருத்தினார். தோஷம் நீங்கியது.

யாங்கும் மில்ஸும் வைலின் அந்த யோசனையை அணுக்கரு விசைக்கு நீட்டினார்கள். ஈர்ப்பைத் தொடவே இல்லை. 1955-ல் அவர்கள் கட்டுரையை நிதானமாகப் படித்தபோதுதான் உத்தியாமாவுக்கு இது உறைத்தது. தன் கணக்கு இன்னும் பெரியது! 1956-ல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' அதை வெளியிட்டது. சுழற்சியும் வேகமும் சேர்ந்த லோரன்ஸ் மாற்றங்களின் 6 அளவுருக்களைப் புள்ளிக்குப் புள்ளி மாறவிட்டால் ஈர்ப்பும் கேஜ் புலமாக வரும் என்றது அது.

ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு புள்ளியிலும் நட வேண்டிய, திசை காட்டும் நாலு கம்பங்கள் கணக்கிலிருந்து வரவில்லை. உத்தியாமாவே கொண்டுவந்து நட்டார். 1961-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டாம் கிப்பிள், இடப்பெயர்ச்சிகள் 4-ஐயும் சேர்த்து 10 ஆக்கினார். கம்பங்கள் தாமாகவே முளைத்தன.

அழையா விருந்தாளியாக இன்னொன்றும் வந்தது: வெளியின் முறுக்கம். பிரெஞ்சுக் கணிதர் எலி கார்த்தான் 1922-லேயே அதை எழுதியிருந்தார். துகள்களின் ஸ்பின் (தற்சுழற்சி) அதை உண்டாக்குகிறது என்கிறது கோட்பாடு. இன்றுவரை எந்தச் சோதனையிலும் அது சிக்கவில்லை.