ஜிம்மில் ஏற்றும் 'மஸில்' குட்டி எலியா? லத்தீன் விகுதி பார்த்த வேலை!

வயிற்று வலின்னு ஸ்கேன் எடுத்தால், ரிப்போர்ட்டில் சில சமயம் 'ரீனல் கால்குலஸ்' என்று இருக்கும். பயப்பட வேண்டாம், சிறுநீரகக் கல்லைத்தான் அப்படி எழுதுகிறார்கள். லத்தீனில் 'கால்குலுஸ்' என்றால் குட்டிக் கல். ரோமானியர்கள் கூழாங்கற்களை வைத்துக் கணக்குப் போட்டதால், 'கால்குலேட்டர்' என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது.

குட்டியாக்குவது எப்படி?

நாம் 'குட்டி', 'சின்ன' என்று சொல்லுக்கு முன்னால் சேர்ப்போம். லத்தீனில் சொல்லின் வாலை மாற்றினால் போதும். ஆண்பால் சொல்லுக்கு 'உலுஸ்', பெண்பாலுக்கு 'உலா', இரண்டிலும் சேராததற்கு 'உலும்'. 'கலிகா' ராணுவ பூட்ஸ் என்றால் 'கலிகுலா' குட்டி பூட்ஸ். முன்னால் இகரம் வந்தால் உகரம் ஒகரமாகிவிடும்: மகன் 'ஃபிலியுஸ்', செல்ல மகன் 'ஃபிலியொலுஸ்'. வேறு சில சொற்களில் நடுவே ஒரு 'க்' புகுந்துகொள்ளும்: எலி 'மூஸ்', குட்டி எலி 'மூஸ்குலுஸ்'. நம்ம 'மஸில்' இதுதான்! கையை மடக்கினால் தோலுக்கு அடியில் எலி ஓடுவது போலத் தெரிந்ததால் இந்தப் பெயர் என்கிறார்கள்.

கொஞ்சலா? குத்தலா?

சிக்கலே இங்கேதான். பேச்சாளர் சிசரோ தன் மகள் துல்லியாவைக் கடிதங்களில் 'துல்லியொலா' என்று கொஞ்சினார். அதே வாலை கிரேக்கர்களுக்கு ஒட்டி 'கிரைகுலுஸ்' என்றால், அது ரோமானியர்களின் ஏளனப் பேச்சு.

கி.பி. 12-ல் பிறந்த கையுஸ் என்ற சிறுவன், அப்பாவின் படை முகாமில் குட்டி ராணுவ உடையில் சுற்றி வந்தான். வீரர்கள் ஆசையாக 'கலிகுலா' என்று கூப்பிட்டார்கள். கி.பி. 37-ல் அவனே பேரரசன்! அப்புறம் அந்தச் செல்லப்பெயரைச் சொன்ன படை அதிகாரி ஒருவர் தண்டனை வாங்கினார் என்று எழுதியிருக்கிறார் தத்துவஞானி செனெகா. ஆனால் வரலாற்றில் நிலைத்ததோ குட்டி பூட்ஸ்தான்.

இன்னொருவர் நிலைமை இன்னும் பாவம். கி.பி. 476-ல் பதவி பறிக்கப்பட்ட மேற்கு ரோமின் கடைசிப் பேரரசர் ரோமுலுஸ், வயதில் சிறுவர். 'அகுஸ்துஸ்' என்ற கம்பீரமான பட்டத்தைச் சுருக்கி 'அகுஸ்துலுஸ்' ஆக்கிவிட்டார்கள். குட்டிப் பேரரசராம்!

கண்ணுக்குள் பொம்மை

கண்ணின் நடுவே இருக்கும் 'பியூபில்', லத்தீனின் 'பூபில்லா'. அதாவது குட்டிப் பொம்மை. எதிரில் நிற்பவரின் உருவம் அங்கே பொம்மை போலத் தெரிவதுதான் காரணம். தமிழிலும் அதற்குப் 'பாவை' என்றே பெயர், பாவை என்றாலும் பொம்மைதான். தொடர்பே இல்லாத இரண்டு மொழிக்காரர்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்!

காதின் கதை வேறு. காதுக்கு லத்தீனில் 'அவுரிஸ்'. பேச்சு வழக்கில் மக்கள் 'அவுரிகுலா' என்று குட்டியாக்கி, அதையும் தேய்த்து 'ஒரிக்லா' ஆக்கினார்கள். 'ஒரிக்லா அல்ல, அவுரிஸ்' என்று திருத்தும் பழைய பட்டியலே ஒன்று இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. இத்தாலியில் இன்று 'ஒரெக்கியோ', ஸ்பெயினில் 'ஒரேஹா', பிரான்சில் 'ஒரேய்'. எல்லாமே அந்த 'ஒரிக்லா'தான். எவ்வளவு பெரிய காதாக இருந்தாலும் அதே பெயர்தான்.