ஒரு வரம்புரையின் வலிமை: 73ஆம் உறுப்பும் பொதுப் பட்டியலில் ஒன்றியத்தின் நிர்வாக எல்லையும்

இந்திய அரசமைப்பின் 73ஆம் உறுப்பை எடுத்தாளும் ஆய்வுகள் பெரும்பாலும் அதன் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றன. நாடாளுமன்றம் எந்தப் பொருள்களில் சட்டம் இயற்றலாமோ அவற்றையெல்லாம் ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் தழுவும் என்பது அந்த வாக்கியம். அதை அடுத்து வரும் வரம்புரை அதற்குக் கரை கட்டுகிறது. மாநிலச் சட்டமன்றமும் சட்டம் இயற்றக்கூடிய பொருள்களில், அரசமைப்போ நாடாளுமன்றச் சட்டமோ வெளிப்படையாக வகைசெய்தாலன்றி, அந்த நிர்வாக அதிகாரம் மாநிலத்துக்குள் செல்லாது.

இந்த வரம்புரை பெயரளவுக்கு ஒன்றுதான் என்று ஒரு சிந்தனை மரபு நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அதன் வாதம் எளியது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 8ஆம் பிரிவில், அச்சட்டமே வெளிப்படையாக வகைசெய்தாலன்றிக் கூட்டாட்சியின் நிர்வாக அதிகாரம் மாகாணத்துப் பொருள்களுக்குள் நுழைய முடியாது என்றிருந்தது. அரசமைப்பு அவை அதோடு ‘நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்திலோ’ என்ற சொற்களைச் சேர்த்தது. பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை ஒன்றியத்தின் கையிலேயே கொடுத்தாயிற்று, இனி அது என்ன எல்லை என்று அம்மரபு கேட்கிறது.

சாவி ஒன்றிய அரசின் கையில் இல்லை, நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது என்பதே என் விடை. இந்த வேறுபாட்டைச் சொல் விளையாட்டென்று தள்ளிவிட முடியாது. 73ஆம் உறுப்பு அமைச்சரவையைக் கட்டுப்படுத்தும் உறுப்பு. அமைச்சரவை தானாக எடுத்துக்கொள்ள முடியாத ஒன்றைத்தான் அதன் வரம்புரை குறிக்கிறது.

அரசமைப்பு அவையில் நடந்த விவாதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1948 டிசம்பர் இறுதியில் 73ஆம் உறுப்பின் முன்வடிவமான வரைவின் 60ஆம் உறுப்பு விவாதத்துக்கு வந்தபோது, சேர்க்கப்பட்ட அந்தச் சொற்களை நீக்க வேண்டும் என்று அவை உறுப்பினர் குன்ஸ்ரு திருத்தம் கொண்டுவந்தார். மாகாணங்களின் தன்னாட்சி இதன்வழியே கரைந்துவிடும் என்பது அவர் அச்சம். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பொதுப் பட்டியலில் நிறைவேற்றும் பொறுப்பு மாகாணங்களிடமே இருக்கும் என்பதுதான் பொது விதி, வேண்டிய இடத்தில் நாடாளுமன்றம் விலக்குச் செய்ய இது இடம் மட்டுமே தருகிறது என்ற பொருளில் அவர் பதிலளித்தார். தீண்டாமை ஒழிப்பையே அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். ஒழிப்பில் உண்மையான நாட்டமில்லாத ஒரு மாகாணத்தின் முன் மையம் கைகட்டி நிற்க வேண்டுமா என்பது அவர் கேள்வி.

அந்தக் கேள்வியின் நியாயத்தை மறுக்க நான் விரும்பவில்லை. மாநில உரிமை பேசுவோர் அதை எளிதில் கடந்துபோவது தவறு. ஆனால் இந்தப் பதிலையே எல்லையற்ற ஒன்றிய நிர்வாகத்துக்குச் சான்றாக்குவது அதைவிடப் பெரிய தவறு. இங்கே இதுவரை போதிய கவனம் பெறாத ஒன்று உண்டு. இறுதி அரசமைப்பில் தீண்டாமைக் குற்றங்களுக்குத் தண்டனை விதிக்கும் சட்டமியற்று அதிகாரம் 35ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உரியது. மாநிலச் சட்டமன்றத்துக்கு அது கிடையாது. ஆகவே அம்பேத்கரின் எடுத்துக்காட்டு வரம்புரையின் எல்லைக்குள்ளேயே வரவில்லை. மையம் தலையிட வேண்டும் என்று அவர் கருதிய இடத்தை அரசமைப்பு வேறு வழியில் காத்துவிட்டது. அதற்குப் பிறகும் நாடாளுமன்றம் என்ன செய்தது? தீண்டாமைக்கு எதிரான 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, தீண்டாமை ஒழிப்பின் பயன் மக்களைச் சென்றடைய நடவடிக்கை எடுக்கும் கடமையை மாநில அரசுகளிடம் தந்தது. ஒன்றிய அரசுக்குத் தந்தது அவற்றை ஒருங்கிணைக்கும் பணியையும், ஆண்டுதோறும் இரு அவைகளிலும் அறிக்கை வைக்கும் கடமையையும். முழு அதிகாரம் கையில் இருந்த இடத்திலும் சட்டம் இவ்வளவு அளந்தே பேசியிருக்கிறது.

இரண்டாவது வாசிப்பு இன்னும் நுட்பமானது. நாடாளுமன்றம் பொதுப் பட்டியல் பொருளில் ஒரு சட்டம் இயற்றிவிட்டால், அந்தப் பொருளின் நிர்வாகமும் அதோடு ஒன்றியத்துக்குப் போய்விடும் என்கிறது அது. உறுப்பின் சொற்களே இதை ஏற்கவில்லை. வரம்புரை மாநிலச் சட்டமன்றத்துக்கு ‘அதிகாரம் உண்டா’ என்றுதான் கேட்கிறது. 254ஆம் உறுப்பின்படி முரண்படும் மாநிலச் சட்டம் செயலிழக்கலாம்; அதனால் சட்டமியற்றும் தகுதி மறைந்துவிடுவதில்லை. 162ஆம் உறுப்பும் இதையே மறுபக்கமிருந்து சொல்கிறது. மாநிலத்தின் நிர்வாக அதிகாரத்தைக் குறுக்குவது ஒன்றியச் சட்டம் ஒன்று இருப்பது அல்ல, அச்சட்டம் ஒன்றியத்துக்கு வெளிப்படையாக அளித்த நிர்வாக அதிகாரம். 1955இல் ராம் ஜவாயா கபூர் வழக்கில், பஞ்சாப் அரசு பாடநூல் வெளியீட்டைத் தன் கையில் எடுத்ததைப் பற்றித் தீர்ப்பளித்த அரசமைப்பு அமர்வும், பொதுப் பட்டியலில் நிர்வாகம் வழக்கமாக மாநிலத்திடம் விடப்படும், விதிவிலக்கான நிலைகளில் நாடாளுமன்றம் வேறுவகை செய்யலாம் என்றே விளக்கியது. சட்டமில்லாமலும் அரசு செயல்படலாம் என்பதற்காக அத்தீர்ப்பை ஓயாமல் மேற்கோள் காட்டுவோர் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

வரம்புரை உயிரோடு இருக்கிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் தொடர்பான 2022 மே 18ஆம் நாளின் தீர்ப்பு. தமிழ்நாட்டு அமைச்சரவை 2018 செப்டம்பரில் அவர் விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் நெடுங்காலம் முடிவெடுக்காமல் இருந்துவிட்டுப் பின்னர் கோப்பைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். இந்தியத் தண்டனைச் சட்டம் நாடாளுமன்றத்தின் அதிகார எல்லைக்குள் வருவதால் 302ஆம் பிரிவுத் தண்டனையைக் குறைக்கும் உரிமை குடியரசுத் தலைவருக்கே என்று ஒன்றியம் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 302ஆம் பிரிவு தொடர்பாக ஒன்றியத்துக்கு நிர்வாக அதிகாரம் தரும் வெளிப்படையான வகைசெய்தல் எங்கே? அரசமைப்பிலும் இல்லை, சட்டத்திலும் இல்லை. ஆகவே அதிகாரம் மாநிலத்துடையது; தண்டனைக் குறைப்பு பற்றிய 161ஆம் உறுப்பின்கீழ் ஆளுநர் மாநில அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்க வேண்டும்.

அதே கொலை வழக்கின் மற்றொரு கிளையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ‘வெளிப்படையாக’ என்ற இந்த ஒரு சொல்லின் எடை தெரியும். 2015இல் ஸ்ரீஹரன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 435ஆம் பிரிவில் இருந்த கலந்தாலோசனை என்பது ஒன்றியத்தின் இசைவையே குறிக்கும் என்றது. அங்கே நாடாளுமன்றம் எழுதி வைத்திருந்தது, ஒன்றியத்தின் சொல் மேலோங்கியது. 161ஆம் உறுப்பில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை, மாநிலத்தின் சொல் நின்றது.

பெரும்பான்மை பெற்ற அரசுக்கு நாடாளுமன்றம் ஒரு தடையா என்று கேட்கலாம். மாநிலங்களவையில் பெரும்பான்மையின்றி ஆண்ட அரசுகளைக் கண்டவர்கள் அதைக் கேட்கமாட்டார்கள். 256ஆம் உறுப்பின் கட்டளை அதிகாரத்தைச் சுட்டுவோரும் உண்டு. கட்டளை மாநில அரசுக்குத்தான் இடப்படுகிறது. நிர்வாகம் அதன் கையில் இருப்பதாலேயே கட்டளை தேவைப்படுகிறது. 282ஆம் உறுப்பு எந்தப் பொது நோக்கத்துக்கும் பணம் தர அனுமதிக்கிறது. அது மானியம் தரும் உறுப்பு, ஆணையிடும் அதிகாரம் அதில் இல்லை.

கல்வியில் இந்த வேறுபாடு இன்று கூர்மையாக வெளிப்படுகிறது. 42ஆம் திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியதும் அதன் நிர்வாகமும் தில்லிக்குப் போய்விட்டது என்ற பேச்சு இரு தரப்பிலும் கேட்கிறது. மாற்றத்தை எதிர்ப்பவர்களே இப்படிச் சொல்லும்போது தம்மிடம் எஞ்சியிருப்பதையும் கைவிடுகிறார்கள். உயர்கல்வித் தரங்களை ஒருங்கிணைப்பது முதற்பட்டியலின் 66ஆம் பதிவு என்பதால் இவ்வாதம் அங்கே செல்லாது, அதை ஒப்புக்கொள்கிறேன். பள்ளிக்கல்வி அப்படியல்ல. வனங்களும் 1976இன் அதே திருத்தத்தால் மாற்றப்பட்டவைதாம். ஆனால் வனநிலத்தைப் பிற பயன்பாட்டுக்கு விட ஒன்றிய அரசின் முன் ஒப்புதல் வேண்டும் என்று நாடாளுமன்றம் 1980இல் வெளிப்படையாகச் சட்டம் செய்தது. 2020 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை ஏற்ற தேசியக் கல்விக் கொள்கைக்கு அப்படிப்பட்ட சட்டப் பின்புலம் இல்லை. அது அமைச்சரவை ஒப்புதல் பெற்ற ஆவணம். வரம்புரை கேட்கும் சட்டம் அதுவல்ல.

பள்ளிக்கல்வியில் நாடாளுமன்றம் இயற்றியிருக்கும் முதன்மையான சட்டம் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். தேசியப் பாடத்திட்டச் சட்டகம் ஒன்றை உருவாக்கும் பணியை அதன் 7ஆம் பிரிவு ஒன்றிய அரசுக்குத் தருகிறது. தொடக்கக் கல்விக்கான பாடத்திட்டத்தை வகுக்கும் கல்விசார் அமைப்பு எது என்று அறிவிக்கும் அதிகாரத்தை 29ஆம் பிரிவு ‘உரிய அரசுக்கு’த் தருகிறது. ஒன்றிய அரசின் பள்ளிகள் நீங்கலாக, மாநிலத்துக்குள் இருக்கும் பள்ளிகளுக்கு உரிய அரசு மாநில அரசே என்று அதன் 2ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது.