வேணும் என்ற சொல்லும் விசுவாசம் என்ற சொல்லும்

ஒரு சமூகம் எந்த ஆண்டில் சமயம் மாறியது என்பதை வரலாற்று நூல்கள் எளிதில் சொல்லிவிடுகின்றன. அச்சமயம் அம்மக்களின் அன்றாடப் பொழுதுக்குள் எப்போது நுழைந்தது என்பதைச் சொல்வதுதான் கடினம். முத்துக்குளித்துறைப் பரதவர் 1536-37இல் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். முத்துக்குளிக்கும் உரிமையைக் காத்துக்கொள்ளப் போர்த்துக்கீசியரின் துணையை நாடியபோது எடுத்த முடிவு அது. புதிய பெயர்கள் வந்தன. ஆனால் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் செபங்கள் வரவில்லை.

1542இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் கண்டது இந்த வெறுமையைத்தான். அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து எழுதிய மடலில், ஏதேனும் ஒரு செபத்தைச் சொல்லித்தரும்வரை சிறுவர்கள் தம்மை உண்ணவோ உறங்கவோ விடவில்லை என்கிறார். அச்சிறுவர்களையே அவர் ஆசிரியர்களாக்கினார். மணியடித்துத் தெருவழியே அழைத்துச் சென்று கற்பித்ததை அவர்கள் வீட்டில் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்ல வேண்டும். நோயுற்றோர் வீடுகளுக்குச் சென்று செபிக்க வேண்டும். கோயிலுக்கு மக்கள் வருமுன், செபம் அவர்களுடைய வீட்டுக்குச் சென்றுவிட்டது எனலாம்.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் அறிந்தவர்களைக் கூட்டிச் செபங்களை மொழிபெயர்த்து மனனம் செய்தார். அதில் ஒரு பிழை நேர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்ற பொருள்படும் சொல் அமைந்துவிட்டது. 1544இல் தம் உடன் ஊழியர் மான்சிலாஸுக்கு எழுதிய மடலில், 'வேணும்' என்பதை நீக்கி 'விசுவாசம்' என்ற சொல்லை இடுமாறு அவர் பணித்தார். அதுவரை அம்மக்கள் நாள்தோறும் கடவுள் முன் நின்று, நம்புகிறேன் என்பதாக எண்ணி, வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

ஊர் ஊராகச் செல்லும் குரு ஒரே ஊரில் தங்க இயலாது. ஆகவே ஒவ்வொரு ஊரிலும் செபம் சொல்லிக்கொடுக்கக் கணக்கப்பிள்ளைமார் அமர்த்தப்பட்டனர். அவர்களுடைய ஊதியம் வந்த வழி வியப்பானது. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று பரதவர் ஆண்டுதோறும் செலுத்திவந்த வரியிலிருந்து 4000 பணத்தைச் சவேரியார் கேட்டுப் பெற்றார். மூச்சடக்கி மூழ்கியவர்களின் உழைப்பே அவர்களுக்குச் செபமாகத் திரும்பி வந்தது.

அடுத்த கட்டம் எழுத்து. 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ்ச் செபநூல் உரோமன் எழுத்தில் இருந்தது; இக்கரை மக்கள் அதை வாசிக்க இயலாது. 1547 முதல் இங்கே உழைத்த அன்றிக் அடிகளார் தமிழைக் கற்றுத் தேர்ந்து, 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்கள் கொண்ட 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழெழுத்திலேயே அச்சிடச் செய்தார். சைவ மடங்களில் பழகிய 'தம்பிரான்' என்ற சொல்லே கிறித்தவக் கடவுளுக்கு வாய்த்தது. பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு 1580இல் வந்தது. புனிதர்களின் வரலாறுகளைச் சொல்லும் பெருநூல் 1586இல் வெளிவந்தது. முன்னது மனிதனின் மனச்சான்றுக்கும் பின்னது ஆண்டின் திருநாள்களுக்கும் உரியவை.

இத்தனைக்குப் பிறகு 'வேணும்' மறைந்துவிட்டதா? 19ஆம் நூற்றாண்டில் மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் நிகழ்ந்த முத்துக்குளிப்பைப் பதிவுசெய்த எமர்சன் டென்னன்ட், சுறாக்களின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' இன்றி எவரும் நீரில் இறங்கத் துணியவில்லை என்கிறார். அப்போது அப்பொறுப்பில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கர்! இதை அரைகுறை நம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் சுறா உலவும் நீரில் கயிற்றை மட்டும் நம்பி இறங்குகிறவனுக்கு, உயிரோடு மேலே வரவேண்டும் என்பதே முதல் செபம். சவேரியார் பிரமாணத்திலிருந்து அகற்றிய சொல்லைக் கடல் அகற்றவில்லை. அன்றாட வாழ்வில் கடவுளுக்கு இடம் தருவது என்பது இக்கரையில் அவ்விரு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்வதாகவே இருந்திருக்கிறது. மொழிபெயர்த்தவர் செய்தது பிழைதான். ஆயினும் அப்பிழையில் இம்மக்களின் குரல் கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன்.