கோயில் மரத்து நாரையும் வேடந்தாங்கலும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். டீ கலக்கி வச்சிட்டு பொறுமையா படிங்க.

நம்ம கோயில் பின்னாடி பெரிய மரத்துல, மாசி மாசத்துல இருந்து சாயங்காலம் வந்து உக்காருதே சாம்பல் நிறப் பறவைக் கூட்டம், அதைப் பத்தி போன கூட்டத்துல பேச்சு வந்துச்சு. எச்சம் விழுந்து தகரக் கூரை பாழாகுது, பங்குனி உத்திரத்துக்கு முன்னாடி கிளையை வெட்டிடலாம்னு ரெண்டு மூணு பேர் சொன்னாங்க. நியாயம்தான். அந்தக் கூரையைக் கழுவுறவன் நான்தான், எனக்குத் தெரியாதா. ஆனா "அது சயாம் பறவைப்பா, நம்மளுது இல்ல"ன்னு ஒரு அண்ணன் சொன்னாரே, அதுதான் மனசுல தங்கிப்போச்சு.

அந்தப் பறவைக்குத் தமிழ்ல பேர் இருக்கு. நத்தைகுத்தி நாரை. கொக்குன்னு நினைக்காதீங்க, கொக்கைவிட ரொம்பப் பெரிசு. றெக்கை ஓரமும் வாலும் கறுப்பு. வளர்ந்த பறவை வாயை மூடினாலும் ரெண்டு அலகுக்கும் நடுவுல சந்து தெரியும். பாக்குவெட்டி மாதிரி நத்தை ஓட்டை உடைக்கத்தான் அந்தச் சந்துன்னு நானும் நினைச்சிருந்தேன். அப்படி இல்ல. கீழ் அலகு நுனியை ஓட்டுக்குள்ள விட்டு, சதை ஒட்டியிருக்கிற இடத்தை அறுத்து, அப்படியே உருவி எடுத்திடும். ஓடு பெரும்பாலும் முழுசாவே கிடக்கும். அறுவடை முடிஞ்ச பெண்டாங் வரப்புல நடந்து பாருங்க, காலுக்கடியில காலி ஓடா நொறுங்கும்.

எங்க அப்பாயி மதுராந்தகம் பக்கத்துல இருந்து தோட்டத்துக்கு வந்தவங்க. காலையில பால்மரம் வெட்டப் போவாங்க, ராத்திரி எங்களுக்கு ஊர்க்கதை சொல்வாங்க. அவங்க ஊருக்குப் பக்கத்து ஏரியில மரம் மரமா நாரை அடையும், எச்சம் விழுந்த அந்த ஏரித்தண்ணி பாஞ்ச வயலுக்கு எருவே வேணாம்னு சொல்வாங்க. அது வேடந்தாங்கல்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் எனக்குப் புரிஞ்சது. அங்கே குஞ்சு பொரிக்கிற பறவைகளில் இந்த நத்தைகுத்தியும் ஒன்று. வெள்ளைக்கார சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டதற்கு ஊர் மக்கள் சண்டைக்குப் போனதாகச் சொல்வார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை 1798ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு எழுத்தில் கொடுத்தார். 1858ல் அது புதுப்பிக்கப்பட்டது. நம்ம கெடா சுல்தானிடமிருந்து 1786ல் பினாங்கை வாங்கினதும் அதே கம்பெனிதான். இங்கே தீவே கைமாறிப் போச்சு, அங்கே குடியானவர்கள் ஒரு ஏரிப் பறவைக்கு எழுத்து வாங்கிட்டாங்க!

சரி, அண்ணன் சொன்ன சயாமுக்கு வர்றேன். அவர் சொன்னது பாதி உண்மை. நான் சின்னப் பையனா தோட்டத்துல இருந்தப்ப இந்தப் பறவையைப் பார்த்ததே இல்லை. இது மலாயா மண்ணுக்கு வந்ததே 2000களின் கடைசியிலதான். முதல்ல வடக்கே பெர்லிஸ், கெடா பக்கம், அப்புறம் சிங்கப்பூர் வரைக்கும் போயிடுச்சு.

ஏன் வந்துச்சு? பாங்காக்குக்கு வடக்கே பத்தும் தானி மாநிலத்தில், சாவ் பிரயா ஆற்றோரம் வாட் பை லோம் என்று ஒரு புத்தர் கோயில் இருக்கு. போன நூற்றாண்டில் தாய்லாந்தில் மற்ற இடங்களில் இந்த நாரை வேட்டையில் அழிஞ்சு வந்தப்ப, அந்தக் கோயில் வளாகத்துல மட்டும் கூட்டமாக் கூடு கட்டிப் பிழைச்சது. பிக்குகள் யாரையும் சுட விடலை. எச்சத்துல மரங்களே பட்டுப்போச்சு, அப்பவும் துரத்தலை. 1960களில் காலில் வளையம் மாட்டி விட்டுப் பார்த்தாங்க. தாய்லாந்தில் வளையம் போட்ட ஒரு நாரை 1500 கிலோமீட்டர் தள்ளி வங்காளதேசத்தில் கிடைச்சது. சயாம், இந்தியான்னு நாமதான் பிரிச்சுப் பேசுறோம்.

அடுத்தது நத்தை. நம்ம பெண்டாங்கில் நாற்றைத் தின்னு, தண்டுல ரோஸ் கலர் முட்டை வைக்குதே, சிப்புட் கொண்டாங் எமாஸ், அதோட பூர்வீகம் தென் அமெரிக்கா. 1980 வாக்கில் சாப்பாட்டுக்காகத் தைவானுக்குக் கொண்டு வந்தாங்க. வியாபாரம் படுத்ததும் வாய்க்கால்ல விட்டுட்டாங்க. அது பிலிப்பீன்ஸ், தாய்லாந்துன்னு பரவி 1990களில் மலேசியாவுக்கும் வந்துடுச்சு. கெடாவில் மூடா, பெடு அணைகள் வந்து 1970லிருந்து ரெண்டு போகம் நடக்குது. சுமார் 96,000 எக்டர் வயல், வருஷத்துல பாதிக்கு மேல ஈரம். நத்தைக்குக் கொண்டாட்டம், நாரைக்கு விருந்து. விவசாயிங்க காசு கொடுத்து மருந்து அடிச்சும் தீராத நத்தையை இது சும்மா தின்னுட்டுப் போகுது.

மாசி பங்குனி நம்ம பக்கம் பறவைங்க இடம் மாறுற காலம். டவுன் கரண்டு கம்பியில வரிசையா உக்காந்திருக்கிற தகைவிலான் குருவிங்க சீனா, சைபீரியா பக்கம் கிளம்பிடும். தெற்கே தஞ்சோங் துவானில் சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும் தேன் பருந்தைப் பார்க்க மார்ச்சில் கூட்டம் கூடும். சத்திமுத்தப் புலவர் வடக்கே போற நாரையைத் தூது விட்ட பாட்டை நாமெல்லாம் தமிழ்ப்பள்ளியில மனப்பாடம் செஞ்சோம். பாட்டுல வந்தா ரசிக்கிறோம், தகரத்துல உக்காந்தா கத்தி எடுக்கிறோம்.

கூட்டத்துல என் கருத்தைச் சொல்லிட்டேன், இங்கேயும் சொல்றேன். மண்டபத்துக்கு மேல நீட்டியிருக்கிற ஒரு கிளையை மட்டும் திருவிழா முடிஞ்சப்புறம் கழிக்கலாம். மரம் இருக்கட்டும். கூரைக்கு அடியில ஒரு தார்ப்பாய் கட்டினா பந்தியில எச்சம் விழாது. தார்ப்பாய் செலவு என்னோடது.

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு உழவாரப் பணி. கூரை கழுவ ரெண்டு பேர் குறையுது. ஏணி இருக்கு, பழைய சட்டை போட்டுட்டு வாங்க. அந்த அண்ணனும் வரணும், சண்டை போட இல்ல, ஏணி பிடிக்க.