திண்ணைப் பள்ளி வளர்த்த சிரத்தை

1822-ஆம் ஆண்டில் சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, ஜில்லாதோறும் உள்ள பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்குமாறு பணித்தபோது, கடலூரைத் தலைமை ஸ்தலமாகக் கொண்ட தென்னார்க்காட்டிலிருந்து மட்டும் 800-க்கு மேற்பட்ட பள்ளிகளின் விவரம் சென்றது. அக்காலத்துப் பள்ளி பெரும்பாலும் ஒரு திண்ணைதான். வண்டிகளும் ஆடுமாடுகளும் வருவோர் போவோரும் கண்ணெதிரே கடந்து செல்ல, இத்தனை சந்தடிக்கு நடுவிலும் பிள்ளைகளின் சித்தம் பாடத்தில் நிலைத்தது எங்ஙனம்?

சிறுவன் மணலில் விரலால் எழுத்தை வரைவான். வரையும்போதே வாய்விட்டுச் சொல்லுவான். சொன்னது பிழையா என்று சட்டாம்பிள்ளையாகிய மூத்த மாணாக்கன் அருகிருந்து கேட்பான். கண், கை, நா, செவி நான்கும் ஒரே காரியத்தில் ஈடுபட்டபின் மனம் வெளியே சஞ்சரிக்க வழியேது? மாலையில் வீடு திரும்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உபாத்தியாயர் ஒரு பூவின் பெயரையோ பட்சியின் பெயரையோ சொல்லியனுப்புவார் என்றும், மறுநாள் அதை மறவாமல் ஒப்பிக்க வேண்டுமென்றும், 1924-இல் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைமையை ஏற்ற உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார்.

அம்முறையின் கொடுமைகளை நாம் மறைக்கலாகாது. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் போன்ற தண்டனைகளும், பெண்களையும் தாழ்த்தப்பட்டோரையும் புறத்தே நிறுத்திய அநீதியும் ஒழியத்தக்கனவே, ஒழிந்தது நன்றே. 1864-இல் சிதம்பரத்தில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஸ்தாபித்ததும், 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்ததும் தென்னார்க்காட்டின் கல்வி வேறு உருவங்கள் கொண்டு வளர்ந்ததற்குச் சாட்சிகள்.

ஆயினும் அத்திண்ணைப் பள்ளி அறிந்திருந்த உண்மை ஒன்றுண்டு: ஒருமுகப்பட்ட மனம் இளைஞனின் திடசித்தத்தால் மட்டும் வருவதன்று, சுற்றியிருப்போர் அமைத்துக் கொடுக்கும் ஒழுங்கினால் வருவது. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் அடைபட்டபோது, பாடத்தின் பொருட்டே கைபேசியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தோம். பாடம் வந்த அதே கண்ணாடியில் விளையாட்டும் வீடியோவும் வாட்ஸ்அப்பும் சேர்ந்தே வந்தன. தெருவின் வண்டி கடந்து போய்விடும். கைபேசியோ, போனவனையும் திரும்ப அழைக்கும்படி அமைக்கப்பட்டது. அதனோடு தனியே போராடுமாறு பதினைந்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் பின்னர் அவனைக் கடிவது நியாயமாகாது.

ஆகவே பெற்றோரே, பிள்ளை படிக்க அமரும் நேரத்தில் வீட்டிலுள்ள கைபேசிகள் யாவும், உங்களுடையது உட்பட, வேறோர் அறையில் இருக்கட்டும். வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கையால் எழுதச் செய்யுங்கள். மறுநாட் காலையில் முந்தின நாள் படித்ததில் ஒன்றை அன்போடு கேளுங்கள்.