நம்ம இடம் ஏன் அதில் இல்லை?

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன கிழமை, முன்னர் என்னிடம் வரலாறு படித்த ஒரு பையன் கொழும்பிலிருந்து போன் எடுத்தான். இப்போது மென்பொருள் வேலை. போனைத் தூக்கிப் பிடித்தால், கமராவில் தெரியும் இடத்தின் மேலேயே பழைய காலக் காட்சி வருகிற மாதிரி ஒரு செயலி செய்கிறானாம். ஆக்மென்டட் ரியாலிட்டி என்கிறார்கள். பெரட்டுக் களத்தில் நின்று பிடித்தால் தப்புச் சத்தம் கேட்கும், அந்தக் காலத்து ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.

"சேர், அதுக்கு இடத்த முன்கூட்டியே யாராவது ஸ்கேன் பண்ணி வச்சிருக்கணும். தேடிப் பாத்தேன். நம்ம டயகம பக்கம் ஒன்னுமே இல்ல சேர். வெறும் பச்சையாக் கெடக்கு. ஏன் சேர்?"

"வரலாற்றுக் கேள்விடா இது, எழுதித்தான் சொல்லணும்" என்று போனை வைத்தேன்.

ஸ்கேன் எதற்கு? போனிலுள்ள ஜீபிஎஸ் சில மீற்றர் பிழை விடும். மலைக்கு நடுவில் இன்னும் கூடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில் அந்தப் பிழை என்றால், உங்கள் வாசலில் நிற்க வேண்டிய காட்சி அடுத்த வீட்டு அடுப்படியில் நிற்கும். அதனால் ஒருவர் இடத்தைச் சுற்றி நடந்து வீடியோ எடுக்கிறார். அதிலிருந்து கணினி கல், கதவு நிலை, கூரை விளிம்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முப்பரிமாண உருவம் செய்து வைத்துக்கொள்கிறது. பிறகு வருகிறவரின் கமரா அந்த உருவத்தோடு ஒப்பிட்டு, தான் நிற்கும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது.

இந்த ஸ்கேன்களில் பெரும் தொகை விளையாட்டிலிருந்து வந்தது. 2012இல் நியாண்டிக் என்ற அமெரிக்கக் கம்பனி இன்கிரெஸ் என்றொரு விளையாட்டை விட்டது. ஆடியவர்களே தங்கள் ஊர்ச் சிலை, தேவாலயம், சுவரோவியம் என்று இடங்களைப் பரிந்துரைத்தார்கள். 2016இல் வந்த போகிமொன் கோ அதே இடங்களை எடுத்துக்கொண்டது. பின்னர் ஆடியவர்கள் அந்த இடங்களை நடந்து ஸ்கேனும் செய்து கொடுத்தார்கள். 2024இல் தங்களிடம் 10 மில்லியன் இடங்களின் ஸ்கேன் இருப்பதாகக் கம்பனி சொன்னது. 2025இல் போகிமொன் கோ உள்ளிட்ட விளையாட்டுகளை 3.5 பில்லியன் டொலருக்கு விற்றுவிட்டு, வரைபட வேலையை வைத்துக்கொண்டது. எதை விற்றார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள்.

யார் ஆடினார்களோ அவர்கள் ஊர்தான் அதில் நிறைந்தது. 2016இல் வொஷிங்டன் நகரில் அர்பன் இன்ஸ்டிடியூட் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் சராசரியாக 55 இடங்கள். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் 19. யாரும் திட்டமிட்டு ஒதுக்கியிருக்க வேண்டும் என்றில்லை. கையில் நல்ல போனும் நேரமும் உள்ளவன் எங்கே நடந்தானோ, அங்கே புள்ளி விழுந்தது. இலங்கைக்கு ஸ்ட்ரீட் வியூ வந்ததும் 2016இல்தான். அது காரின் கூரையில் கமரா வைத்து எடுப்பது. கார் போகிற பாதை படத்தில் இருக்கும். லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டு இருக்காது.

இது போனோடு தொடங்கிய கதையும் இல்லை. 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்ப்டன் ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். ஒரு நீளத்தைச் சரியாக அளந்துவிட்டால் போதும். பிறகு உயரமான இடங்களில் ஏறிக் கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாகத் தூரங்களைக் கணக்கிட்டுவிடலாம். அவருடைய தியோடலைட் கருவி அரை தொன் எடை. 1808இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்துக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிக் கெட்டுப்போனது. மனுசன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் திருத்தினாராம்.

நம்ம நாட்டின் நில அளவைத் திணைக்களம் அதற்கும் மூத்தது. 1800 ஒகஸ்ட் 2இல் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் தொடங்கியது. இங்கேயும் முக்கோணங்கள்தான். இலங்கை வரைபடத்தின் கட்டங்களுக்கு மூலப்புள்ளி எங்கே தெரியுமா? நுவரெலியாவுக்குப் போகும்போது அண்ணாந்து பார்க்கிறோமே, 2524 மீற்றர் பீதுருதாலகாலை, அங்கேதான். பருத்தித்துறையானாலும் காலியானாலும் அந்த மலையிலிருந்துதான் கணக்கு. நாட்டையே அளக்கிற புள்ளி நம்ம மாவட்டத்தில். நம்ம வீட்டுக்கு மட்டும் இலக்கம் இல்லை!

ஏன் அளந்தார்கள் என்பதில்தான் பையனின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடாகவோ பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலத்தை, வேறுவிதமாக நிரூபிக்கும் வரை முடிக்குரியது என்றது. அந்த நிலம் கோப்பிக்காக ஏக்கர் 5 ஷில்லிங்குக்குப் போனது. 1844இல் தொடக்க விலையை ஒரு பவுணாக்கினார்கள். ஏக்கர் கணக்கில் விற்பதென்றால் அளக்க வேண்டும். ஆக மலையில் சங்கிலி போட்டது விற்பதற்கு. தோட்டத்துப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மலைக்கு நம்பர், ஸ்டோர், துரை பங்களா, பாதை. ஆட்கள் குடியிருந்த இடம் ஒரு சின்னக் கோடு. அதற்குள் எந்தக் காம்பிராவில் யார் இருந்தார்கள் என்பது விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் வேண்டாத விசயம். இன்றைக்கும் பல லயங்களுக்குக் கடிதம் தோட்டத்துக் காரியாலயம் சுற்றித்தானே வருகிறது.

வேண்டாத விசயம் என்று விட்டதன் விலையை 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் பார்த்தோம். மண்சரிவில் லயங்கள் புதைந்தன. உள்ளே எத்தனை பேர் என்பதையே முதல் நாட்களில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆளுக்கொரு எண்ணிக்கை. எந்த வாசல் எங்கே இருந்தது என்று தப்பியவர்கள் கையை நீட்டித்தான் காட்ட வேண்டியிருந்தது.

ஆகவே பையனிடம் சொன்னேன்: "இல்லன்னா நீயே வந்து எடு." இப்போது ஒரு சாதாரண போனே போதும். தேசாதிபதியும் வேண்டாம், அரை தொன் கருவியும் வேண்டாம். பள்ளி விடுமுறையில் வருகிறான். முதலில் பெரட்டுக் களம், பிறகு இடிக்கப்போகிற பழைய லயம். புது வீடு வருவது சந்தோசம்தான், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பாட்டன் பூட்டன் பிறந்த சுவருக்கு ஒரு பதிவாவது வேண்டாமா?

ஒரு பயமும் இருக்கிறது. லயம் என்பது சிலை இல்லை, ஆட்கள் இருக்கிற வீடு. பீலியில் பொம்பளைப் பிள்ளைகள் குளிக்கிறார்கள். வாசலில் துணி காய்கிறது. ஸ்கேன் எடுக்கிறவன் இதையெல்லாம் சேர்த்தே எடுத்துக்கொண்டு போவான். அதனால் இரண்டு நிபந்தனை போட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு, சரி என்றால் மட்டும் எடுப்பது. பீலிப் பக்கம் போகவே கூடாது. இரண்டாவது, எடுத்ததில் ஒரு பிரதி இங்கேயே இருக்க வேண்டும். கம்பனி எதற்கும் ஏற்றுவதென்றால் ஊரைக் கூட்டிக் கேட்ட பிறகுதான். இரண்டாவதற்கு அவன் கொஞ்சம் முனகினான். கேட்கவில்லை நான்.

உங்களிடம் ஒரு உதவி. படத்தில் மலைகளுக்கு நம்பர்தான் இருக்கிறது. கொழுந்து எடுக்கிற அம்மாமார் அதே மலைகளுக்கு வேறு பெயர் சொல்கிறார்கள், பிரிவுக்குப் பிரிவு மாறியும் சொல்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, எந்த நம்பருக்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் என்று கீழே எழுதுங்கள். எழுத வராதவர்கள் குரல் பதிவாக அனுப்புங்கள். பையன் வருவதற்குள் கொப்பியில் எழுதி வைக்கிறேன்.