தமிழர் வழக்கும் டென்மார்க்கின் வலதுசாரிகளும்

ரீகன் முதல் டிரம்ப் வரையிலான அமெரிக்கப் பழமைவாதத்தைப் பற்றி நாம் நிறைய வாசிக்கிறோம். வரிக்குறைப்பைப் பேசிய கட்சி எப்படிக் குடியேறிகளை எதிர்க்கும் கட்சியாக மாறியது என்பது அதில் முக்கியமான கேள்வி. நான் அதை டென்மார்க் வழியாகப் பார்க்க விரும்புகிறேன். அங்கே அந்த மாற்றம் முன்னரே நடந்துவிட்டது. அதன் நடுவில் தமிழர்கள் இருக்கிறார்கள்.

1971 ஜனவரியில் மோன்ஸ் கிளிஸ்ட்ரப் என்ற வரி வழக்கறிஞர், தான் வருமான வரியே கட்டுவதில்லை என்று தொலைக்காட்சியில் பெருமையாகச் சொன்னார். வரி ஏய்ப்பவர்களை, நாஜி ஆக்கிரமிப்பின்போது ரயில் பாதைகளைத் தகர்த்தவர்களோடு ஒப்பிட்டார். 1973 டிசம்பர் தேர்தலில் அவருடைய முன்னேற்றக் கட்சி 28 இடங்களைப் பிடித்து இரண்டாவது பெரிய கட்சியானது. கலிஃபோர்னியாவில் சொத்து வரிக்கு எதிரான புகழ்பெற்ற வாக்கெடுப்பு 1978இல்தான் நடந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தை மூடிவிட்டு, 'சரணடைகிறோம்' என்று ரஷ்ய மொழியில் பதில் சொல்லும் தொலைபேசிக் கருவியை வைத்தால் போதும் என்றவரும் இவர்தான். ரீகன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

1982இல் பால் ஸ்லூட்டர் பிரதமரானார். 1901க்குப் பிறகு அந்நாட்டின் முதல் கன்சர்வேடிவ் பிரதமர். கொள்கை என்பதெல்லாம் வெறும் குப்பை என்று சொன்ன நடைமுறைவாதி. 1983இல் நாடாளுமன்றம் தாராளமான அந்நியர் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன்படி, தஞ்சம் பெற்ற அகதிக்கு மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அதே ஆண்டுதான் இலங்கையில் ஜூலைக் கலவரம். சில ஆண்டுகளில் தமிழ் இளைஞர்கள் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார்கள்.

1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. இனிப் போர் முடிந்தது, தமிழர்கள் திரும்பிப் போகலாம் என்பது நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சனின் கணக்கு. செப்டம்பரில் தமிழர்களின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை நிறுத்தி வைக்கச் செய்தார். சட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். கோப்புகளைத் தூங்கவைக்க அது தேவையில்லை. அக்டோபரில் இந்திய அமைதிப் படைக்கும் புலிகளுக்கும் யாழ்ப்பாணத்தில் சண்டை வெடித்தது. கணவன் யூலாந்தின் ஏதோ ஒரு சிற்றூரில் இருக்கிறான், மனைவியும் பிள்ளைகளும் அந்த ஷெல்லடிக்குள் இருக்கிறார்கள். கோப்பு அசையவில்லை. இதற்கு முந்தைய ஆண்டுதான் ரீகன், ஆவணமற்ற லட்சக்கணக்கான குடியேறிகளுக்குச் சட்டபூர்வ இருப்பு அளிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார்.

விஷயம் வெளியே வந்தது. 1989 ஏப்ரலில் ஸ்லூட்டர், கம்பளத்துக்கு அடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. உச்ச நீதிமன்ற நீதிபதி மோன்ஸ் ஹார்ன்ஸ்லெத்தின் விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வந்தது. பிரதமர் நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்தினார் என்றது அது. ஸ்லூட்டர் பதவி விலகினார். நிக்ஸனை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் தமிழர் குடும்பங்களை மறித்ததற்காக ஓர் ஐரோப்பிய அரசு கவிழ்ந்த இந்தக் கதை நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை என்பது எனக்கு வருத்தம். டேனிஷ் மக்கள் இன்றும் இதைத் தமிழர் வழக்கு என்றே சொல்கிறார்கள். அதன் பிறகு இன்றுவரை அங்கே கன்சர்வேடிவ் பிரதமர் வரவில்லை.

அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் 1910க்குப் பிறகு முதன்முறையாகக் கூடியது. 1995 ஜூனில் நின்-ஹான்சனுக்கு நான்கு மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை.

அதே ஆண்டு அக்டோபரில் கிளிஸ்ட்ரப்பின் கட்சியிலிருந்து பிரிந்த பியா கேர்ஸ்கோரும் அவருடைய தோழர்களும் டேனிஷ் மக்கள் கட்சியைத் தொடங்கினார்கள். வரி பின்னுக்குப் போய், குடியேற்றம் முன்னுக்கு வந்தது. 2001 தேர்தலில் அக்கட்சிக்கு 22 இடங்கள் கிடைத்தன. அதன் ஆதரவில் அமைந்த அரசு, கணவன், மனைவி இருவருக்கும் 24 வயது ஆகியிருந்தால்தான் வெளிநாட்டிலிருந்து துணையை அழைக்கலாம் என்று 2002இல் சட்டம் கொண்டுவந்தது. இம்முறை எந்தக் கோப்பையும் யாரும் தூங்கவைக்கவில்லை. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்தித்தான் நிறைவேற்றினார்கள்.